கை போனால் போனதுதானா?

சேலத்திலிருந்து நாமக்கல் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வழியிலுள்ள விளம்பரப் பலகைகளைப் படித்துக்கொண்டு போவது எனக்கு வெகுநாளைய வழக்கம். கோழித் தீவனம், லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறை, ஜவ்வரிசி ஆலை, ஆழ்துளைக் கிணறு, டாக்டர் படிப்புக்குப் பயிற்சி என்று நம் சீமையின் சரித்திரமே அந்தப் பலகைகளில் எழுதியிருக்கிறது. சமீப காலமாக அந்த வரிசையில் ஒரு புதுப் பலகை சேர்ந்திருக்கிறது. பக்கவாதத்தில் விழுந்த கையை மின்சாரத்தின் மூலம் மூளையைத் தூண்டி எழுப்பித் தருகிறோம் என்று அது வாக்களிக்கிறது.

அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. முழுப் பொய்யாக இருந்தால் இவ்வளவு கோபம் வராது. முழுப் பொய்யை நம் ஜனங்கள் எப்படியும் ஒரு நாள் கண்டுபிடித்துவிடுவார்கள். இது ஓர் உண்மையின் வாலைப் பிடித்துக்கொண்டு தொங்குகிற பொய். அந்த உண்மை என்ன என்று தெரிந்தவர்கள் நம் பக்கத்தில் குறைவு. அதைத் தெரிந்துகொண்டால், பலகை எழுதியவர் மட்டுமல்ல, நாமும் கொஞ்சம் வெட்கப்பட வேண்டியிருக்கும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

என் தாய்மாமன் ராசிபுரத்துப் பக்கத்தில் பட்டு நெசவு செய்தவர். தறிக்குழியில் காலை வைத்து உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். 2022ஆம் வருஷம் கார்த்திகை மாதம் ஒரு விடியற்காலையில் அவருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன, வாய் கோணிவிட்டது. முதல் நாள் முழுவதும் புறா ரத்தம் தேய்த்தால் சரியாகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் புறாவைத் தேடிக்கொண்டு அலைந்தார்கள். அடைபட்ட ரத்தக் கட்டியைக் கரைக்க மருந்து ஏற்றுவதென்றால் முதல் நாலரை மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும் என்பது ஒருவருக்கும் தெரியாது. மறு நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் தங்கியது. கால் மெல்ல மெல்ல வந்தது. கை வரவில்லை.

நான் பார்க்கப் போனபோது அத்தை அவருக்குச் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். “அவரு கையி போயிருச்சு கண்ணு, இனிமே நான்தான் அவருக்குக் கை” என்றாள். சொன்ன மாத்திரத்தில் என் கண் கலங்கிவிட்டது. கதை எழுதுகிறவன் அல்லவா? இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒரு கதையே எழுதிவிடலாம் என்றுகூட அந்தத் துக்கத்திலும் தோன்றியது. நல்ல வேளை, எழுதவில்லை. எழுதியிருந்தால் ஒரு பெருந்தப்பைப் புண்ணியமாக்கிக் காட்டியிருப்பேன். அது ஏன் தப்பு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஏழெட்டு மாதம் கழித்து அந்தப் பலகையில் கண்ட மாதிரியான ஓர் இடத்துக்கு மாமாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஊரும் பேரும் வேண்டாம். ஒரு தடவைக்கு 1,500 ரூபாய், 20 தடவைக்கு 30,000 ரூபாய். அத்தையின் தோடு அடகுக் கடைக்குப் போயிற்று. ஒரு நாள் நானும் உடன் போயிருந்தேன். மாமாவைக் கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். தலையில் ஒரு பட்டை, முழங்கைக்குக் கீழே இரண்டு ரப்பர் வில்லைகள், அவற்றிலிருந்து கம்பிகள். சில விநாடிக்கு ஒரு தரம் விரல்கள் துள்ளின. எதிர்ச் சுவரில் டெலிவிஷன் ஓடிக்கொண்டிருந்தது. மாமா அதில் ஒரு தொடர்கதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இயந்திரத்துக்குப் பொறுப்பான பையன் தன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான்.

“மாமா, கை ஆடுதே, பார்த்தீங்களா?” என்றேன்.

“நான் எதுக்குப் பாக்கோணும் மாப்ளெ? அதுதான் தானா ஆடுதே” என்றார்.

20 தடவை முடிந்தது. கை எப்படிப் போயிற்றோ அப்படியே திரும்பி வந்தது. தோடு திரும்பி வரவில்லை.

இனி அந்த உண்மைக்கு வருகிறேன்.

2000ஆம் வருஷம் ஜெர்மனியில் ராஸ்டாக் என்ற ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ஸ்டெஃபான், கிளாசன் முதலான சில ஆராய்ச்சியாளர்கள் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஆரோக்கியமான மனிதர்களை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மணிக்கட்டிலே கட்டைவிரல் பக்கத்துத் தசைகளுக்கு ஓடுகிற நரம்பின் மேல் லேசாக மின்சாரத்தைத் தட்டினார்கள். அந்தத் தட்டல் நரம்பு வழியே கையேறி, தோளேறி, முதுகுத்தண்டு ஏறி மூளைக்குப் போய்ச் சேர ஒரு விநாடியின் ஆயிரத்தில் சுமார் 20 பங்கு நேரம் பிடிக்கும். அதைக் கணக்குப் பண்ணி, 25 பங்கு கழிந்ததும், மூளையில் அதே கட்டைவிரலை ஆட்டுவிக்கிற இடத்தின் மேலே, மண்டைக்கு வெளியே, ஒரு காந்தச் சுருளைக்கொண்டு இன்னொரு தட்டுத் தட்டினார்கள். அந்தச் சுருள் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. 1985இல் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்தில் ஆண்டனி பார்க்கர் என்பவர் மண்டையைத் திறக்காமல், வலிக்காமல், வெளியிலிருந்தே மூளையைத் தட்டிக் கையை அசைத்துக் காட்டியிருந்தார்.

இப்படி 20 விநாடிக்கு ஒரு ஜோடி. அரை மணி நேரத்தில் 90 ஜோடித் தட்டல். அவ்வளவுதான். பிறகு காந்தத்தால் மட்டும் தட்டிப் பார்த்தபோது, கட்டைவிரல் தசை முன்னைவிடப் பலமாகத் துடித்தது. தட்டிய அந்தத் தசைக்கு மட்டுமே இந்த மாறுதல் சிறப்பாக உண்டாயிற்று. அரை மணி, ஒரு மணி நேரமாவது அது நிலைத்திருந்தது. ஒரு நாளுக்குள் மறைந்தும் போயிற்று. வளர்ந்த மனிதனுடைய மூளையிலே ஒரு வழி சற்று அகலமாகிப் பின் பழையபடியாவதை, கத்தி வைக்காமல், வெளியே இருந்தபடியே அளந்து பார்த்துவிட்டார்கள்.

இது வானத்திலிருந்து குதித்த எண்ணமல்ல. சேர்ந்து வேலை செய்யும் நரம்பணுக்களுக்கு இடையே தொடர்பு பலப்படும் என்று 1949இலேயே கனடாவில் டானல்டு ஹெப் என்ற உளநூலார் ஒரு புஸ்தகத்தில் ஊகித்து எழுதியிருந்தார். 1973இல் பிளிஸ், லோமோ என்ற இருவர் ஆஸ்லோ நகரத்தில் முயல்களின் மூளையில் அப்படி ஒரு பலப்படுதலைக் கண்டு எழுதினார்கள். மனிதனிடம் அதைப் போன்ற ஒன்றைக் காட்டியதுதான் அந்த ஜோடித் தட்டலின் பெருமை.

இதிலே என்னை அசர வைத்தது தட்டல் அல்ல, கணக்கு. இடைவெளி 25 பங்காக இருந்தபோது வழி அகன்றது. அதையே 100 பங்காக நீட்டினால் ஒன்றும் நடக்கவில்லை. 10 பங்காகச் சுருக்கினால், அதாவது கையிலிருந்து வருகிற செய்தி மூளைக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே காந்தத்தைத் தட்டிவிட்டால், வழி அகலவில்லை, குறுகிவிட்டது! 2003இல் இதை அதே ஆராய்ச்சியாளர் கூட்டத்தார் வெளியிட்டார்கள்.

ஆயிரத்தில் பதினைந்து பங்கு வித்தியாசத்தில் நன்மை கெடுதலாகுமா என்று படித்தவர்கள் ஆச்சரியப்படலாம். தறி நெய்கிறவன் ஆச்சரியப்பட மாட்டான். கால் மிதிகட்டையை அமுக்குகிறது. பாவு இழைகள் மேலும் கீழுமாகப் பிரிந்து வழிவிடுகின்றன. அந்தச் சமயத்தில் வலது கை கயிற்றைச் சுண்டி இழுத்தால் நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடுகிறது. கயிற்றைச் சுண்டுவதற்குத் தாமதமானால் வேலை கெடும். ஆனால் பாவு பிரிவதற்கு முன்பே சுண்டிவிட்டால்? நாடா இழைகளில் மோதி அறுத்துவிடும். காலுக்கும் வேலை உண்டு, கைக்கும் வேலை உண்டு; ஆனால் துணி உண்டாவது இரண்டும் சந்திக்கிற வேளையில்தான். ஐம்பது வருஷம் என் மாமா தறிக்குழியில் செய்துகொண்டிருந்ததைத்தான் அவருடைய மண்டைக்குள்ளே அவருடைய மூளையும் செய்துகொண்டிருந்திருக்கிறது.

இன்னொன்று கேளுங்கள். இதே ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு சந்தேகம் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் தன் கையைக் கவனிக்கிறானா இல்லையா என்பதனால் ஏதேனும் வித்தியாசம் உண்டா? 2004இல் பதில் வெளியாயிற்று. கையைக் கண்ணால் பார்த்துக்கொண்டு அதிலேயே மனத்தை வைத்திருந்தவனுக்குப் பலன் மிக அதிகம். மனத்தை வேறு வேலையில் இழுத்து விட்டவனுக்குப் பலனே இல்லை. அதே மின்சாரம், அதே காந்தம், அதே கணக்கு. மனம் அங்கே இல்லை. ஆகையால் மூளையும் மாறவில்லை.

வாசகர்கள் இப்போது அந்தச் சுவரிலே ஓடிக்கொண்டிருந்த டெலிவிஷனை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பலகைக்காரர் இதற்குப் பதில் சொல்லக்கூடும். ‘விஞ்ஞானிகள் மூளையைத் தூண்டுகிறார்கள், நானும் தூண்டுகிறேன்’ என்பார். நான் கேட்கிறேன். அந்தப் பரிசோதனை ஆரோக்கியமானவர்களிடம் செய்தது. ஒரு நாளில் மறைந்துபோன மாறுதல் அது. மூளையின் இயல்பை அறிய ஏற்பட்ட அளவுகோலே தவிர மருந்து அல்ல என்பதை நீர் உம்முடைய பலகையில் எழுதினீரா? அந்த முறை எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பலிப்பதுமில்லை. 2014இல் 56 பேரிடம் சோதித்து ஒரு கட்டுரை வெளியாயிற்று. எதிர்பார்த்தபடி மாறியவர்கள் பாதிப் பேருக்கும் குறைவு. சாஸ்திரக்காரர்கள் தங்களுக்கே பாதகமான இந்தக் கணக்கைத் தாங்களே அச்சிடுகிறார்கள். நீர் உம்முடைய இடத்துக்கு வந்து போனவர்களில் எத்தனை பேருக்குக் கை வரவில்லை என்ற கணக்கை அச்சிடுவீரா? தராசைத் திருடிக்கொண்டு வந்து, ‘இது அரிசி, சமைத்துச் சாப்பிடு’ என்று விற்கிற வியாபாரம் இது.

மின்சாரமே ஆகாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மருந்துக்கு மசியாத மனச்சோர்வுக்கு இந்தக் காந்தச் சிகிச்சையை அமெரிக்க அரசாங்கம் 2008இல் அனுமதித்தது. பக்கவாதத்துக்கே ஒரு நல்ல உதாரணம் உண்டு. 2021இல் லான்செட் என்ற லண்டன் மருத்துவப் பத்திரிகையில் அது வந்தது. கை பலவீனப்பட்டு ஒன்பது மாதம் முதல் பத்து வருஷம் வரை ஆன 108 பேரைச் சேர்த்தார்கள். கழுத்தில் ஓடும் ஒரு பெரிய நரம்பைத் தட்டுகிற சிறு கருவியை எல்லாருக்கும் அறுவைச் சிகிச்சையால் பொருத்தினார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரியான கடுமையான கைப் பயிற்சி. பாதிப் பேருக்குக் கருவி நிஜமாகவே தட்டியது, மற்றவர்களுக்குப் பேருக்குத்தான். நிஜமாகத் தட்டப்பட்டவர்களில் நூற்றுக்கு 47 பேருக்குக் குறிப்பிடத்தக்க அபிவிருத்தி. மற்றவர்களில் 24 பேருக்கு.

ஆனால் எப்போது தட்டினார்கள் என்பதுதான் விஷயம். நோயாளி படுத்திருக்கும்போது அல்ல. அவர் தாமாக முக்கி முனகிக் கையை நீட்டி ஒரு சாமானை எடுக்கப் போகிறாரே, அந்தச் சமயத்தில், பக்கத்தில் நின்ற பயிற்சியாளர் ஒரு பொத்தானை அமுக்கினார். அங்கேயும் ஜோடிதான். ஜோடியில் ஒரு பாதி கருவி. மறு பாதி நோயாளியின் சொந்தப் பிரயத்தனம். அந்த மறு பாதியை எந்தக் கடையிலும் 1,500 ரூபாய்க்கு வாங்க முடியாது.

பலகைக்காரரை விட்டுவிடுகிறேன். அவர் வயிற்றுப் பிழைப்புக்காகச் செய்கிறார். அவரிடம் நம்மை விரட்டிக்கொண்டு போகிற இன்னொரு கட்சி இருக்கிறது. ‘கை போனால் போனதுதான்’ என்கிற கட்சி. நம் ஊர்த் திண்ணைகள் எல்லாம் இந்தக் கட்சியின் கிளைகள். துரதிர்ஷ்டவசமாகச் சில வைத்தியர்களும் அதில் அங்கத்தினர்களாக இருக்கிறார்கள். “ஆறு மாசம் ஆச்சா? இனிமேல் இவ்வளவுதான்” என்று சீட்டின் மேலேயே கண்ணை வைத்துக்கொண்டு சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

இந்தக் கட்சிக்கு ஒரு பெரிய முன்னோர் உண்டு. ஸ்பெயின் தேசத்து ராமோன் இ காஹால், 1906இல் நோபல் பரிசு பெற்றவர், வளர்ந்த மூளையில் நரம்பு வழிகள் நிலைத்துவிட்டவை, மாறாதவை என்று எழுதினார். ஆனால் அதே இடத்தில், முடிந்தால் வருங்கால விஞ்ஞானம் இந்தக் கடுமையான தீர்ப்பை மாற்றட்டும் என்ற கருத்தையும் சேர்த்தே எழுதினார். உலகம் முதல் வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு இரண்டாவதை மறந்துவிட்டது. பெரியவர்கள் சொன்னதில் நமக்குச் சோம்பலுக்கு அனுகூலமானதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வது எல்லாத் தேசத்துக்கும் பொதுவான குணம் போலும்.

வருங்கால விஞ்ஞானம் வந்துவிட்டது. 1996இல் நூடோ என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் குரங்குகளிடம் ஒன்று கண்டார். மூளையில் கைக்குரிய பகுதியில் சிறு சேதம் உண்டாக்கிச் சும்மா விட்டால், சேதமாகாத அண்டைப் பகுதியும் கைக்கான உரிமையை இழந்துகொண்டு வருகிறது. பலவீனமான கையினாலேயே சிறு குழிகளிலிருந்து தீனி எடுக்கப் பழக்கினால் அந்த நிலம் காப்பாற்றப்படுகிறது. தரிசாகப் போட்ட காட்டை அண்டைக் காட்டுக்காரன் உழுதுகொள்வது மாதிரி என்று நம் ஊர்க் குடியானவனுக்குச் சொன்னால் உடனே புரியும்.

மூன்று முதல் ஒன்பது மாதம் முன்பு பக்கவாதம் கண்ட 222 பேரிடம் நடந்த பரிசோதனை ஒன்று 2006இல் அமெரிக்காவில் வெளியாயிற்று. இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் பெரும் பகுதி, நல்ல கையை ஓர் உறைக்குள் போட்டுக் கட்டினார்கள். பலவீனமான கையை விடாமல் பழக்கினார்கள். கை தேறியது, ஒரு வருஷம் கழித்தும் அந்தத் தேர்ச்சி நின்றது. ஆனால் இதிலே சேர்ந்தவர்கள் மணிக்கட்டையும் விரல்களையும் கொஞ்சமாவது அசைக்க முடிந்தவர்கள். முதல் மூன்று மாதங்களில்தான் குணம் வேகமாக வருகிறது என்பதும், எல்லாருக்கும் எல்லாம் திரும்பி வராது என்பதும் மெய். நான் பொய் நம்பிக்கை விற்க வரவில்லை; அதற்குத்தான் பலகை இருக்கிறதே! ஆறு மாதத்தில் கதவு மெல்லச் சாத்திக்கொள்கிறது என்று சொல்லுங்கள். பூட்டுப் போட்டுவிட்டதாகச் சொல்லாதீர்கள் என்பதே என் வாதம்.

இப்போது அத்தையிடம் வருகிறேன்.

மேற்சொன்ன உறை வைத்தியத்துக்கு அஸ்திவாரம் போட்டவர் எட்வர்டு டாப் என்ற அமெரிக்கர். அவருடைய கண்டுபிடிப்பின் சாரம் இது: பலவீனமான கை சும்மா கிடப்பதற்குக் காரணம் பலவீனம் மட்டுமல்ல. முயன்று முயன்று தோற்றபின், முயலாமல் இருக்க அது கற்றுக்கொண்டுவிடுகிறது. நல்ல கையினால் காரியம் ஆகிவிடுகிறதே, எதற்குச் சிரமம்? முயலாமையும் ஒரு கல்விதான். மூளை அதையும் சிரத்தையாகப் படித்துத் தேறிவிடுகிறது.

அந்தக் கல்விக்கு நம் வீடுகளில் வாத்தியார்கள் யார்? மனைவி, மகள், மருமகள். சோறு ஊட்டுவது, சட்டை மாட்டுவது, தலை வாருவது, தண்ணீர் டம்ளரை வாயில் வைப்பது. அன்புதான், அதில் சந்தேகமில்லை. வந்து பார்க்கிற உறவுக்காரர்கள் மெச்சுகிறார்கள். நோயாளி தானே டம்ளரை எடுக்கப் போய்க் கீழே போட்டால், “ஒரு ஆள் இல்லியா எடுத்துக் குடுக்க?” என்று வீட்டுப் பெண்களைத்தான் ஊர் பேசும். அந்தப் பேச்சுக்குப் பயந்தே ஒரு கை சாகிறது. ‘நான்தான் அவருக்குக் கை’ என்று அத்தை சொன்னாளே, அந்த வாக்கியம்தான் என் மாமாவின் கைக்குப் போட்ட இரண்டாவது பூட்டு. முதல் பூட்டை வியாதி போட்டது.

பெண்கள் மேல் பழி போடுவதாக நினைக்கக் கூடாது. அத்தைக்கு வேறு விதமாக யார் சொல்லிக்கொடுத்தார்கள்? ஆஸ்பத்திரியில் அவளிடம் மாத்திரைச் சீட்டைக் கொடுத்தார்கள். ‘இந்தக் கையால் தினம் இத்தனை தடவை இதைச் செய்ய வை’ என்று ஒருவரும் சொல்லவில்லை. அமெரிக்காவில்கூட 2009இல் எண்ணிப் பார்த்தார்கள். பக்கவாத நோயாளிக்குப் பயிற்சி கொடுக்கிற ஒரு வேளையில், காரியத்துக்குப் பயன்படுகிற கை அசைவுகள் சராசரி 32தான். குரங்குகளுக்கு நூற்றுக்கணக்கில் கொடுக்கிறோமே, மனிதனுக்கு ஏன் 32 என்று அவர்கள் வெட்கப்பட்டார்கள். நம் ஊரில் எண்ணினால் எவ்வளவு வருமோ!

‘அப்படியானால் வீட்டாருக்கே கற்றுக்கொடுத்துவிட்டால் தீர்ந்தது, அரசாங்கத்துக்குச் செலவு இல்லை’ என்று ஒரு சாமர்த்தியசாலி கிளம்புவார். அதையும் நம் தேசத்திலேயே பரீட்சித்துவிட்டார்கள். இந்தியாவில் 14 ஆஸ்பத்திரிகளில் 1,250 பேரைச் சேர்த்து, ஒரு பாதிப் பேரின் குடும்பத்தாருக்குப் பயிற்சி முறையைக் கற்றுக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். 2017இல் முடிவு வந்தது. ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறர் கையை எதிர்பார்த்து வாழ்பவர்களும் இரு தரப்பிலும் நூற்றுக்கு 47. ஒரு வித்தியாசமும் இல்லை. என் கட்சிக்கு இது பாதகம் என்று சிலர் நினைக்கலாம். நான் அப்படிப் படிக்கவில்லை. தறி வேலையைக் காட்டிக்கொடுத்துவிட்டுப் போனால் ஒருவன் நெசவாளி ஆகிவிடுவானா? பக்கத்திலே உட்கார்ந்து, இழை அறுகிறபோது முடி போடச் சொல்லி, மாதக்கணக்கில் பழக்குகிற ஓர் ஆள் வேண்டும். கை வேலைக்குக் குரு வேண்டும் என்றால், போன கையைத் திரும்பக் கற்பதற்கு வேண்டாமா?

ஆகவே நான் கேட்பது காந்தச் சுருளை அல்ல, ஆளை. சேலத்தில் 1986 முதல் அரசாங்க மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாமக்கல்லுக்கு 2022இல் வந்தது. வீடு தேடி வந்து உடற்பயிற்சி வைத்தியம் செய்வதையும் சேர்த்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று ஒரு திட்டத்தை 2021இல் அரசாங்கம் ஆரம்பித்தது. நல்ல காரியம். ஆனால் திட்டத்தின் பெயரைக் கேட்டுத் திருப்தியடைந்துவிடுவது நம் வழக்கம். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. உங்கள் தெருவில் கை விழுந்துபோன ஒருவர் வீட்டுக்கு அந்த ஆள் மாதத்தில் எத்தனை தடவை வருகிறார்? வந்தால் எத்தனை நிமிஷம் இருக்கிறார்? கையை அவர் ஆட்டிவிடுகிறாரா, நோயாளியையே ஆட்டச் சொல்கிறாரா? தேர் இழுக்க வசூல் செய்கிற ஊரில் இந்தக் கேள்விகளைக் கேட்க நாலு பேர் கிடைக்க மாட்டார்களா?

அப்படி ஒரு பெண் எங்கள் மாமாவுக்குக் கிடைத்தாள், தாமதமாக. அவள் கொண்டுவந்த கருவி ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. மேஜையின் நடுவே நிறுத்தி, விழுந்த கையைப் பின்னால் மறைத்து, நல்ல கையின் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு கையையும் சேர்ந்து அசைக்க முயலச் சொன்னாள். கண்ணுக்கு, விழுந்த கையே அசைகிற மாதிரி தெரியும். இந்த யுக்தியைக் கண்டவர் வி. எஸ். ராமச்சந்திரன், 1951இல் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி கல்லூரியில் வைத்தியம் படித்து, கலிபோர்னியாவில் ஆராய்ச்சி செய்பவர். கையை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் உண்டாகிற வலியைத் தணிக்க இதை அவர் கண்டார். 1999இல் பக்கவாதக்காரர்கள் ஒன்பது பேரிடம் அவரும் சகாக்களும் பரீட்சித்துப் பார்த்தார்கள். பிற்பாடு நடந்த பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் ஓரளவு பலன் உண்டு என்கிறார்கள். ஓரளவுதான். ஆனால் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்தவன் டெலிவிஷன் பார்க்க முடியாது.

அந்தப் பெண் அத்தைக்கும் ஓர் உத்தரவு போட்டாள்: ஊட்டக் கூடாது. அத்தை இரண்டு நாள் அழுதாள். சோறு சிந்தியது, டம்ளர் விழுந்தது, பக்கத்து வீட்டுக்காரி பேசினாள். அத்தை முற்றத்தில் போய் உட்கார்ந்து முதுகைத் திருப்பிக்கொண்டாள். அவள் என் மாமாவுக்குச் செய்த பணிவிடைகளில் எல்லாம் பெரியது அதுவே என்று நான் நினைக்கிறேன்.

மாமா மறுபடி தறியில் உட்காரவில்லை. இனி உட்காரவும் மாட்டார். போன பொங்கலுக்குப் போயிருந்தேன். கூடத்தில் ராட்டையை வைத்துக்கொண்டு தார் சுற்றிக்கொண்டிருந்தார். இடது கையில் நூல். சக்கரத்தின் பிடி வலது கையில். பாதிச் சுற்றுக்கு ஒரு தரம் விரல்கள் நழுவின. மறுபடியும் பிடித்தார். அத்தை கால் மணியில் சுற்றிவிடுகிற தாருக்கு அவருக்கு முழுப் பொழுது பிடிக்கிறது. “நூலெல்லாம் வீணாப் போகுது” என்று அத்தை குறைப்பட்டுக்கொண்டாள். ஆனால் எழுந்து போய் வாங்கிக்கொள்ளவில்லை.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. “கொஞ்சம் ஓய்வெடுங்க மாமா, டெலிவிஷனைப் போடட்டுமா?” என்றேன்.

“சும்மா இரு மாப்ளெ, இழை அறுந்துரும்” என்றார், கையிலிருந்து கண்ணை எடுக்காமல்.